வெள்ளைத் துணிக்கு ஆகாத கை

இராஜகுமாரி தைத்த படங்கு கிழிந்துபோனதாக அந்தத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் சொன்னதில்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் முரட்டுச் சாக்குத் துணிதான் படங்கு. தேயிலைச் செடியின் காய்ந்த குச்சிகள் முதலில் குத்துவது அதைத்தான். பின்னேரங்களில் யாராவது ஒருத்தி கிழிந்த படங்கோடு அவள் வாசலில் வந்து நிற்பாள். இராஜகுமாரி அதை வாங்கி மடியில் விரிப்பாள். கோணி ஊசியை எடுத்து, நூலை இரட்டையாகப் போட்டு, நுனியில் மிளகு பருமனுக்கு ஒரு முடிச்சும் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துத் தைப்பாள். அதற்குப் பிறகு துணி போனாலும் போகும், தையல் போகாது.

அதனால்தான், ஊசி வேலை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டபோது அவளுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்தது. அவளிடம் துணிச்சல் அடிக்கடி வந்து போகிற ஒன்றல்ல.

கழுத்தில் தொடங்கிய வலி வலது தோளுக்கு இறங்கிப் பல மாதங்களாகியிருந்தன. கூடைக் கயிறு தலையில் ஏறியதுமே தோள் எரியத் தொடங்கும். மத்தியானத்துக்குள் விரல்கள் மரத்துவிடும். கொழுந்து குறைந்தது. குறைந்த நாளில் முழுப் பேர் போடமாட்டார்கள், அரைப் பேர்தான், அரைநாள் கூலி. மாத்தளை ஆஸ்பத்திரியில் டாக்டர், “பாரம் தூக்காதீங்க” என்றார். பாரம் தூக்காமல் எல்கடுவ மலையில் ஒரு பெண் என்ன வேலை செய்வாள் என்று அவர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. பின்னால் வரிசை நீளமாக நின்றது.

செய்தியைக் கொண்டு வந்தது பக்கத்துக் காம்பராவில் இருக்கும் சந்திரகாந்தா. அவளுடைய தங்கை மகள் மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள்.

“அலுவிகாரையில ஒரு முஸ்லிம் பிள்ள இருக்காம்டி, ஆஸியான்னு. கையால பூப் போடுற வேல. ஞாயித்துக்கிழமை போனா சொல்லியும் குடுக்குதாம். சுத்தமாச் செஞ்சா துணிய வீட்டுக்கே குடுத்து விடுதாம்.”

“வீட்டுக்கா?”

“வீட்டுக்குத்தான். ஒக்காந்த எடத்துல வேல. எனக்குக் கண்ணு நல்லா இருந்தா நானே ஓடியிருப்பேன்.”

உட்கார்ந்த இடத்தில் வேலை. அந்த வார்த்தை இராஜகுமாரியோடு மலைக்கு ஏறியது, அவளோடேயே இறங்கியது. கணவனிடம் சொல்ல அவளுக்கு மூன்று நான்கு நாள் பிடித்தது. பழனிமுத்து தோட்டத்துத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போடுகிறவன். சோறு பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“பூ வேலையா? நீயா? நீ தச்சா அந்தப் பூ மூச்சு முட்டிச் செத்துப்போகும்.”

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் பிரவீனா சிரித்தாள். இராஜகுமாரியும் சிரித்தாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்த சேலைகளில் நல்லதைக் கட்டிக்கொண்டு எல்கடுவ பஸ்ஸில் ஏறினாள். மாத்தளையில் இறங்கி அலுவிகாரைக்கு வேறு பஸ் பிடித்தாள்.

ஆஸியாவின் வீடு பெரிய வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. ஜன்னல்கள் அகலமான முன் அறை. சுவரோடு ஒரு நீளமான மேசை. நான்கைந்து பெண்கள் ஆளுக்கொரு மர வளையத்தில் துணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். ஆஸியாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வேலை சொல்லும்போது பள்ளிக்கூட மிஸ் மாதிரி இருந்தாள், இராஜகுமாரிக்கு அவளை “மிஸ்” என்றுதான் வாயில் வந்தது.

“வாங்க அக்கா. ஊசி பிடிச்சீக்கிறீங்களா முந்தி?”

“படங்கு தைப்பேன்.”

ஆஸியாவுக்குப் படங்கு என்றால் என்னவென்று தெரியவில்லை. இராஜகுமாரி விளக்கவும் இல்லை.

கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைத் துண்டும், ஒரு வளையமும், பச்சை நூலும் கொடுத்தாள். அந்த நூலில் ஆறு இழை இருந்தது. “ரெண்டு ரெண்டு இழையாப் பிரிச்சு எடுங்க. முழங்கை நீளத்துக்கு மேல வெட்ட வாணாம், சிக்கிக்கும்.” காம்புத் தையல் என்றால் இப்படி என்று நாலு தையல் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போய்விட்டாள்.

இராஜகுமாரி நூலைப் பார்த்தாள். நல்ல நூலைப் பிரித்து மெலிசாக்குவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. இரண்டு இழை எதைத் தாங்கும்? ஆறு இழையையும் அப்படியே கோர்த்தாள். அதையும் இரட்டையாக்கினாள். நுனியில் முடிச்சுப் போட்டாள். இழுத்தாள்.

வளையத்துக்குள் துணி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாறு தையல் போனபின் பார்த்தால் காம்பு போக வேண்டிய இடத்தில் துணி சுருங்கி, கிழவியின் உதடு மாதிரி மடிந்து கிடந்தது. சரியாக இழுக்கவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் நன்றாக இழுத்தாள்.

ஆஸியா வந்து வளையத்தை வாங்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினாள். முடிச்சுகள் வரிசையாக நின்றன.

“அக்கா, இந்தத் துணி உங்களுக்கு என்ன குத்தம் செஞ்ச?”

அறை முழுக்கச் சிரிப்பு. ஜன்னலோரம் இருந்த தினுஷா, மெல்லிய சிங்களப் பெண், வாய்விட்டுச் சிரித்தாள். ஆஸியாவும் சிரித்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இழுக்க வாணாம். நூல் துணிக்கு மேல படுத்துக் கெடக்கணும். நீங்க கட்டிப் போடுறீங்க. முடிச்சே வாணாம். நூல்ட நுனிய பின்பக்கம் தையலுக்குள்ள சொருகி விடுங்க. நான் எப்பவும் பின்பக்கம்தான் முதல்ல பார்ப்பேன்.”

எல்லாவற்றையும் பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினாள். இரண்டு இழை நூல் விரலில் இருப்பதே தெரியவில்லை. தெரிந்த நேரத்தில், விரல் வெடிப்புகளில் மாட்டிப் பஞ்சு பறந்தது. துண்டின் ஓரத்தில் கட்டைவிரல் பட்ட இடத்தில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு தடம்.

“அக்கே, கை கழுவிட்டு வாங்களேன்” என்றாள் தினுஷா. குறும்பாகச் சொல்லவில்லை. உதவியாகத்தான் சொன்னாள்.

“கழுவிட்டேன்,” என்றாள் இராஜகுமாரி. குழாயடியில் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவியிருந்தாள். “இது தேயிலைக் கறை. போகாது.”

வெடிப்புக்குள்ளும் ரேகைக்குள்ளும் நகத்தைச் சுற்றியும் இருந்தது. ஊரில் எல்லாப் பெண்களின் கையும் அப்படித்தான் என்பதால் அதை ஒரு கறையாக அவள் பார்த்ததே இல்லை. அந்த அறையில், அந்த வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில், தன் கையை மடிக்குள் வைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது.

போகும்போது ஆஸியா ஒரு வெள்ளைத் தலையணை உறையைக் கொடுத்தாள். ஓரத்தில் பென்சிலால் ஒரு கொடி வரைந்திருந்தது. இலைக்குப் பச்சை நூல், பூவுக்குச் சிவப்பு நூல்.

“ரெண்டு கிழமையில கொண்டு வாங்க. இது நல்லா இருந்தா வேல தருவேன். ஆனா அக்கா, வெள்ளையாக் கொண்டு வாங்க.”

அந்தக் கடைசி வார்த்தைதான் இராஜகுமாரிக்குக் கஷ்டம். பகல் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து பின்னேரம் வெள்ளைத் துணியைத் தொட முடியாது. தொட்டால் தடம். சந்திரகாந்தா தேசிக்காய்ச் சாறும் உப்பும் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் கிழமை பொண்ணுக்கு அப்படித்தான் தேய்ப்பார்களாம். தேய்த்தாள். வெடிப்புகள் தீயாக எரிந்தன. காலையில் பார்த்தால் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் மலையிலிருந்து இறங்கும்போது பழையபடி.

ஆகவே கங்காணி விஜேந்திரனிடம் போய், ஒரு வாரத்துக்கு வேலைக்கு வரமாட்டேன் என்றாள்.

“என்னா, சொகமில்லையா?”

“தோள்.”

“தோளா, இல்ல டவுன்ல தையல் கிளாசா? ஊரே சொல்லுது. ராசகுமாரி பேருக்கேத்த மாதிரி சிம்மாசனத்துல ஒக்காரப் போறாளாமே!”

பக்கத்தில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

அந்தக் கிழமை அவள் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கூடை ஏறாத கழுத்து முதல் இரண்டு நாளும் முன்னைவிட மோசமாக வலித்தது. பிறகு வலி மெல்ல இறங்கியது. ஒரு காலையில் எழுந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய பிறகுதான் தோள் முனகவில்லை என்று கவனித்தாள். குடத்தை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். வலியோடு இருந்தவரைக்கும் அது எவ்வளவு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரிந்தது. இனி அந்தக் கூடையைத் தலையில் ஏற்ற முடியாது என்பதும் தெரிந்தது. அதற்கு முன்பு இந்த உறை சரிவந்தால் நல்லது என்று நினைத்திருந்தாள். இப்போது இது சரிவரத்தான் வேண்டும்.

வாசலில் பாயைப் போட்டு உட்கார்ந்து தைத்தாள். இழுக்காமல் இருப்பதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தையலுக்கும் நூலுக்கடியில் இடது சுண்டுவிரல் நுனியை வைத்துக்கொண்டு, விரலைத் தொட்டதும் நிறுத்தினாள். அப்படியும் பழைய கை பழைய வேலையைக் காட்டும். சுருங்கிய இடத்தைப் பிரிப்பாள். பிரித்த நூல் பஞ்சாகிவிடும், மறுபடி உதவாது. கொடியும் இலையும் முடிந்தன. பூக்களில் கடைசி மூன்றுக்கு வரும்போது சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது.

எல்கடுவ சந்திக் கடையில் சிவப்பு நூற்கட்டை இருந்தது. மிச்சமிருந்த துணுக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே சிவப்பு. கடைக்காரனும் பார்த்து, “ஒண்ணுதான் அக்கா” என்றான். வாங்கி வந்து மூன்று பூவையும் முடித்தாள். பின்பக்கத்தைத் திருப்பினாள். முடிச்சு ஒன்றும் இல்லை. தன் கையாலா இது என்று கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பக்கத்தில் ஓர் இலைக்குப் பக்கத்தில் மட்டும் மங்கலாக ஒரு கட்டைவிரல் தடம். தொடங்கிய நாளில் பட்டது.

வெள்ளைத் துணியை எப்படி வெள்ளையாக்குவது என்று தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்பு இருக்கிறதே. சுடுதண்ணியில் சவர்க்காரம் போட்டு ஊற வைத்து, கும்மி, அலசி, கடைசியாக நீலம் கரைத்த வாளியில் முக்கி எடுத்துக் காயப்போட்டால் வெள்ளை கண்ணைப் பறிக்கும். சனிக்கிழமை காலையில் பிரவீனாவின் பள்ளிக்கூடக் கவுணோடு தலையணை உறையையும் ஊற வைத்தாள்.

கவுண் வெள்ளையாக வந்தது. கட்டைவிரல் தடமும் போயிருந்தது. ஆனால் கடைசி மூன்று பூவைச் சுற்றியும், ஆஸியாவின் நூல் முடிந்து கடைக்காரனின் நூல் தொடங்கிய இடத்திலிருந்து, சிவப்பு கரைந்து வழிந்திருந்தது. நீலத்தோடு சேர்ந்து அது ஒருவகை ஊதா கலந்த ரோஸ் நிறம். அவசரமாக மறுபடி அலசினாள். அது இன்னும் பரவியது.

பிரவீனா கொடிக்கயிற்றடியில் நின்று பார்த்தாள். “இது டிசைனாம்மா?”

“இல்ல.”

பழனிமுத்து வெளியே வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்து, குரலைத் தணித்து, “நல்லாத்தான் இருக்கு. பூவெல்லாம் வெக்கப்பட்ட மாதிரி” என்றான். அவளைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மத்தியானச் சோற்றைப் பிரவீனாதான் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் இருந்தாள். ஆனால் துணி அவர்களுடையது. அடுத்தவர் துணியைக் கெடுத்துவிட்டு ஒளிந்திருக்க அவளால் முடியாது. பஸ்ஸில் உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். மாத்தளை வரும்வரை ஒன்றும் தோன்றவில்லை. அலுவிகாரையில் இறங்கியபோதும் தோன்றவில்லை.

ஆஸியா வழக்கம்போலப் பின்பக்கத்தைத் திருப்பினாள். விரலை ஓட்டிப் பார்த்தாள். “அட, அக்கா!” என்றாள். பிறகு முன்பக்கத்தைத் திருப்பினாள். முகம் மாறியது.

“இந்தச் சிவப்பு எங்குட்டு?”

“கடையில. மிஸ் குடுத்தது தீந்துபோச்சு.”

“அதெப்படி தீந்த?”

“பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன்.”

“சரி, தோச்சது என்னத்துக்கு?”

“கறை பட்டிருச்சு. வெள்ளையாக் கொண்டு வரச் சொன்னீங்க.”

ஆஸியா துணியை வெளிச்சத்தில் பிடித்தாள். “நீலம் போட்டீங்களா?”

“ஸ்கூல் உடுப்புக்கு அப்படித்தான் போடுவோம்.”

தினுஷா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை யாரும் சத்தமாகச் சிரிக்கவில்லை. ஆஸியா உறையை மேசைமேல் வைத்துத் தடவினாள்.

“அக்கா, கோவிச்சுக்க வாணாம். தையல் நல்லம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு வாறது எல்லாம் கல்யாண வீட்டுத் துணி. எல்லாம் வெள்ள. இப்பிடிக் குடுத்தா என்ட மூஞ்சில எறிவாங்க. நீங்க ஒண்டு செய்ங்க. கொஞ்ச மாசம் மலைக்குப் போகாம இருங்க. கையெல்லாம் நல்லா வெளுத்த பொறகு வாங்க.”

வழக்கமான இராஜகுமாரி என்றால் “சரி மிஸ்” என்று எழுந்திருப்பாள். அவள் எழுந்திருக்கவில்லை. முழங்கால்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது தெரிந்தது.

“மலைக்குப் போகாம இருக்கத்தான் மிஸ் நான் இங்க வந்தேன்.”

ஆஸியா மேசைமேலிருந்த உறையை மடித்தாள்.

“இனி என்னால கூடை தூக்க முடியாது. கை வெளுக்கிற வரைக்கும் சும்மா இருக்கவும் முடியாது. கறை தெரியாத துணி ஏதும் இருந்தா குடுங்க. எதுவா இருந்தாலும் செய்றேன்.”

அவ்வளவு நீளமாக அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. சொல்லி முடித்ததும் காது சூடாகிவிட்டது.

ஆஸியா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வர நேரமானது. வரும்போது கையில் கறுப்புத் துணி. முஸ்லிம் பெண்கள் போடும் அபாயா அங்கிக்கு, இன்னும் மூட்டாத கைத் துணிகள் இரண்டு, அவற்றோடு கறுப்பு நூல்.

“கறுப்புக்கு மேல கறுப்பு நூல். கிட்ட வந்து பார்த்தாத்தான் பூ தெரியும், அதான் இப்ப பேஷன். ஓடர் நெறய ஈக்கு, செய்றதுக்குத்தான் ஆள் இல்ல. தினுஷாவும் எடுத்தா.”

“தல வெடிச்சிப் போச்சு அக்கே,” என்றாள் தினுஷா. “போட்ட தையல் போட்டவங்களுக்கே தெரியாது.”

“வெள்ளத் துணிக்குத் தாறது போல இதுக்குத் தர ஏலா. நல்ல வெளிச்சத்துல மட்டும் செய்ங்க. அல்லாஹ்வுக்காக இதத் தோய்க்க மட்டும் வாணாம்.”

ஜன்னலோரத்தில் இடம் விட்டார்கள். இராஜகுமாரி அங்கேயே உட்கார்ந்து தொடங்கினாள். தினுஷா சொன்னது உண்மைதான். ஊசி நுழைந்த இடம் தெரியவில்லை. துணியைச் சாய்த்து வெளிச்சம் படவைத்தால் ஒரு கணம் நூல் மினுங்கும், பிறகு கறுப்புக்குள் போய்விடும். கொஞ்ச நேரத்தில் கண்ணில் நீர் கட்டியது. துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள். ஓர் இலை முடிந்ததும் ஆஸியா வந்து, பின்பக்கத்தைத் திருப்பி, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இங்கயிருந்து பிரிங்க. மத்தது சரி.”

பிரித்தாள். கறுப்பில் கறுப்பைப் பிரிப்பது, போடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தபோது மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. பழனிமுத்து அதிகாலையிலேயே தொழிற்சாலைக்குப் போய்விட்டான். பிரவீனா பள்ளிக்கூட பஸ்ஸுக்கு இறங்கிவிட்டாள். லயத்துப் பெண்கள் கூடைகளோடு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். சந்திரகாந்தா மட்டும் வாசலில் நின்றாள்.

“வரலயா?”

“இல்ல.”

“துணி கெடைச்சிருச்சா?”

“கறுப்பு.”

சந்திரகாந்தா குனிந்து துணியைப் பார்த்தாள். முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். “பூ எங்கடி?”

“இருக்கு. வெயில் வந்தாத் தெரியும்.”

“இது எத்தன நாளைக்குடி கண்ணு தாங்கும்?”

“தாங்குற வரைக்கும்.”

சந்திரகாந்தா கூடையைச் சரிசெய்துகொண்டு போனாள்.

ஊசி கோர்க்க வெளிச்சம் போதவில்லை. இராஜகுமாரி துணியை மடியில் வைத்துக்கொண்டு பனி விலகட்டும் என்று காத்திருந்தாள். நேற்று முழுக்கக் குனிந்திருந்ததில் பிடரி பிடித்துக்கொண்டிருந்தது. கண் மணல் போட்ட மாதிரி உறுத்தியது. கீழே பெரட்டுக் களத்தில் விஜேந்திரன் பெயர் கூப்பிடும் சத்தம் பனிக்குள்ளால் ஒவ்வொன்றாக மேலே வந்தது. அவளுடைய பெயரும் வந்தது. பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டாள்.

இன்னொரு தடவை அவளைக் கூப்பிட்டான். பிறகு சந்திரகாந்தாவின் பெயர், அவள் பதில் சொன்ன சத்தம், அதற்கடுத்த பெயர்.